காற்றக்கா அஞ்சிய இளங்காற்று

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே, மூத்த பொறியாளர்களே, முன்வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, காற்றுச் சோதனைக்கூடத்துத் தோழர்களே!

அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இனிப் பேச வேண்டியதைப் பேசுகிறேன்.

நம் தலைமைச் சோதனைப் பொறியாளர், நாம் எல்லோரும் காற்றக்கா என்று அழைத்தவர், போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அமைதியாகப் போனார் என்று சற்றுமுன் ஒருவர் சொன்னார். அக்காவா? அமைதியாகவா? காற்றுக்கூடத்து விசிறி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவர் அவர். வீட்டில் உப்பு கேட்டால் தெருவுக்கே கேட்கும் என்று அவர் கணவரே கேலி செய்வார்.

நம் ஆலைக்குப் புதிய புகைபோக்கி வரப்போகிறது. உயரமான, ஒல்லியான உருக்குக் குழாய். அதன் உச்சியில் தகட்டுப் பட்டைகளைச் சுற்றியாக வேண்டும் என்றார் அக்கா. பாம்பு சுற்றியது போல அசிங்கமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். புயலையே தாங்கும் குழாய்க்குப் பட்டை எதற்கு என்று தலைவரும் கேட்டார்.

அக்கா வாதாடவில்லை. எல்லோரையும் காற்றுக்கூடத்துக்கு இழுத்துப் போனார். புகைபோக்கியின் மாதிரியை நட்டு, விசிறியை முழு வேகத்தில் விட்டார். மாதிரி லேசாக வளைந்து, அப்படியே நின்றது. தலைவர் சிரித்தார். அக்கா வேகத்தைக் குறைத்தார். கொடியில் துணி காயும் அளவுக் காற்று. மாதிரி ஆடத் தொடங்கியது, காற்று போகும் திசையில் அல்ல, குறுக்கே! ஆட்டம் ஏறி ஏறி, அடி பெயர்ந்து, கூடத்தின் கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்தது.

"காத்து குழாயைத் தாண்டுறப்ப இந்தப் பக்கம் ஒரு சுழல், அந்தப் பக்கம் ஒரு சுழல்னு மாத்தி மாத்தி விடும். அந்தத் தாளமும் குழாயோட ஆட்டமும் சேர்ந்துட்டா, ஊஞ்சல் தள்ளுற கதைதான். புயலுக்குத் தாளம் பொருந்தல. இந்தப் பொடிக் காத்துக்குப் பொருந்துது," என்றார் அக்கா. பிறகு மாதிரியை மறுபடி நட்டு, பட்டைக்குப் பதிலாக உச்சியில் கம்பியைச் சுற்றிவிட்டார். அதே காற்றில் அது அசையவே இல்லை. தாளம் கலைந்துவிட்டது.

புகைபோக்கி எழும் இடத்துக்கு அடுத்து என்ன இருக்கிறது? நம் பிள்ளைகள் தூங்கும் காப்பகம்! அதனால்தான், அதன் பிறகும் பட்டை இல்லாமலே வந்த வரைபடத்துக்குக் கடைசிவரை அக்கா ஒப்புதல் தரவில்லை.

அக்காவின் பொறுப்பு இப்போது என்னிடம். நேற்று என் மேசைக்கு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். "அக்காதான் இல்லையே. பட்டை இல்லாமலே நீங்க ஒப்புதல் குடுத்துடலாம்ல?" என்றார். அக்கா இல்லை, சரி. காற்றுமா இல்லாமல் போய்விட்டது?

தலைவர் அவர்களே, உங்கள் முன்பாகவே சொல்கிறேன். பட்டை சுற்றாத புகைபோக்கிக்கு நான் ஒப்புதல் தர மாட்டேன். என்னை எடுத்துவிட்டு அடுத்தவரைக் கேட்கலாம். அடுத்தவர் அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவருக்கு அடுத்தவர் கதவோரம் நிற்கிறார். வரும் வழியில் இருவரையும் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

கூட்டம் முடிந்ததும் காற்றுக்கூடம் திறந்திருக்கும். மாதிரியை நட்டு வைத்திருக்கிறேன், கம்பி சுற்றாமல். தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் வாருங்கள்.