தலைவரைப் புரட்டிப் போட்ட தாதியின் ஆசிரியைக்கு விடைகொடுப்போம்

இந்த முதியோர் விடுதியை நடத்தும் எங்கள் தருமசபையின் தூணே, தலைவர் ரகுபதி அவர்களே! இன்று ஓய்வுபெறும் மேட்ரன் தேவப்பிரியம் அம்மையார் அவர்களே! கைக்குழந்தையோடும் கருவாட்டுக் கூடையோடும் கூடியிருக்கும் ராயபுரத்துத் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் முதியோர் விடுதிப் பெரியோர்களே! வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். பேசுவேனா? மாட்டேன்! (யாரங்கே சிரிப்பது? ஸ்டானிஸ்லாஸ் ஐயாவா? சிரியுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நெஞ்சு, சிரித்தால் வலுக்கும்.)

முதுமை என்றால் என்ன? மூலையா? முனகலா? மூன்று வேளைக் கஞ்சியா? இல்லை என்றார் அம்மையார்! இல்லவே இல்லை என்றார்! படுத்தவரைக் கிடக்க விடாதே, புரட்டு, துடை, நடக்க வை என்றார். தாதிப் பயிற்சிக்கு வரும் பெண்களையே முதலில் கட்டிலில் கிடத்துவார். அரை நாள் அசையக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது. அந்த ஈயிடம் பாடம் படித்த பெண்கள்தாம் இன்று திருவொற்றியூரிலும் கத்திவாக்கத்திலும் தலைமைத் தாதிகளாகத் திகழ்கிறார்கள்!

ஆனால் போன ஆண்டு நம் தலைவருக்கு ஓர் ஐயம் வந்தது. கிழவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆயா போதாதா, பயிற்சி நர்சுகள் எதற்கு, பயிற்சியை மூடிவிடலாமே என்று நேரில் பார்க்க வந்தார். வந்தாரா? வந்தார். கண்டாரா? காலிக் கட்டில்களைக் கண்டார்! எங்கே போனார்கள் முதியோர்கள்? அம்மையாரோடு கடற்கரைக்குப் போயிருந்தார்கள், வலை இழுப்பவர்களுக்கு யோசனை சொல்ல! (அந்த யோசனையைக் கேட்டு மீன் ஓடியது வேறு கதை, தாய்மார்களே.)

சித்திரை வெயில். மூட்டுவலி. காத்திருந்த தலைவர் ஒரு கட்டிலில் அமர்ந்தார், சாய்ந்தார், குறட்டையும் விட்டார். அப்போது வந்தாள் பிலோமி. முந்தின நாள்தான் பயிற்சியில் சேர்ந்தவள். நரைத்த தலை, நடுக் கட்டில், நல்ல தூக்கம். விடுவாளா? புரட்டினாள்! சரிகைத் தலைப்பாகையைக் கழற்றினாள்! ஈரத்துணியால் முதுகைத் துடைத்தாள்!

"நான் தலைவரம்மா!" என்று அலறினார் தலைவர்.

"அய்ய, இங்க அல்லாருமே அப்டித்தான் சொல்றாங்கோ தாத்தா. அந்தக் கட்டில்காரரு தொறமொகமே தன்னுதுன்றாரு. எய்ந்துரு, கால ஊணு!"

ஊன்றினார், ஐயா, ஊன்றினார்! வாசற்படிக்கே இருவர் தூக்கிவர வேண்டிய நம் தலைவர், அவள் தோளைப் பிடித்துக் கடற்கரை வரை நடந்தார். எதிரே வந்த ஸ்டானிஸ்லாஸ் ஐயா கேட்டார்: "இன்னா நைனா, புச்சா சேந்துகினியா?"

கண்டார் அம்மையார். நடுங்கினாரா? மன்னிப்புக் கேட்டாரா? தலைவரின் முழங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "பிலோமி, தோளைக் கொடுக்காதே. முழங்கையைத் தாங்கு. அவர் காலாலேயே அவர் நடக்கட்டும்."

அன்று தலைவர், பயிற்சி தொடருமா, அம்மையாரோடு முடியுமா என்பதை இந்த மேடையில் சொல்வதாக வாக்களித்தார். தலைவர் அவர்களே! இந்தப் பெண்களை அனுப்பிவிட்டால் எங்களை யார் புரட்டுவார்? எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. உண்மையாகவே பயமாக இருக்கிறது, ஐயா.

இதோ எழுகிறார்! கைத்தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டார்! பிலோமி பதறி ஓடிவந்து தோளைக் கொடுக்கிறாள். தலைவர் என்னவோ சொல்கிறார், சற்று அமைதி, அமைதி!

"முழங்கையைத் தாங்கு, அம்மா. வருகிற ஆண்டு சேரும் பெண்களுக்கும் இதையே சொல்லிக்கொடு."

கேட்டீர்களா, தாய்மார்களே! அம்மையார் அழுகிறார். நானும்தான். இதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. முன்வரிசைப் பெரியோர்களே, உட்கார்ந்தது போதும், எழுந்து நடங்கள். வணக்கம்!