அஞ்சு நிமிஷம் கை எடுத்தா போச்சு

...இல்ல தம்பி, ஒயர்ல கோளாறே இல்ல, மூணு தடவை மாத்திட்டேன்! உங்க நெட் கம்பெனிக்கு எட்டு தடவை போன் போட்டு, இன்னிக்குத்தான் உங்களை அனுப்பியிருக்காங்க. உக்காருங்க... அந்த நாற்காலி வேணாம், கால் ஆடுது.

என் வேலை என்னன்னா, இங்கேர்ந்தே ஆஸ்பத்திரி சர்வருக்குள்ள போய் நோயாளிங்க பதிவையெல்லாம் புது சர்வருக்கு மாத்தணும். கட்டளை அடிச்சா அது பாட்டுக்கு சத்தமில்லாம ஓடும். நானும் டீ போட எழுந்திரிப்பேன். வந்து பார்த்தா... திரை உறைஞ்சு கிடக்கும்! லைன் அறுந்து, வேலையும் பாதில செத்திருக்கும். மூணு நாளா இதே கூத்து. நாளைக்குள்ள முடிக்கணும்.

மொதல்ல மைக்ரோவேவ்தான் வைஃபையைக் கெடுக்குதுன்னு அதை அணைச்சு வெச்சேன். பாவம் மாமியார், ரெண்டு நாளா பச்சைத்தண்ணி மாதிரி பால் குடிக்கறாங்க. அப்புறம் என் வீட்டுக்காரி ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறாளே, அதான் லைனை இழுக்குதுன்னு கத்தினேன். அவ லேப்டாப்பைத் தூக்கிட்டு போய் மாடிப்படில உக்காந்து, போன் நெட்ல பாடம் நடத்தறா.

போகும்போது ஒண்ணு சொன்னா: "நீங்க கீபோர்டைத் தட்டிட்டே இருந்தா லைன் அறுந்துபோகல. சும்மா இருந்தாத்தான் அறுந்துபோகுது. அஞ்சு நிமிஷம், நான் கடியாரம் பார்த்தேன்." பதினாறு வருஷ அனுபவம் எனக்கு! சிரிச்சேன் தம்பி. அப்புறம் யாரும் பார்க்காதப்ப ஸ்பேஸ் பட்டனைத் தட்டிட்டே உக்காந்திருந்தேன். லைன் அறுந்துபோகல. யார்கிட்டயும் சொல்லல.

என்ன, வைஃபை பெட்டியோட செட்டிங்குக்குள்ள போயிட்டீங்களா? எங்க... "சும்மா இருக்கற இணைப்பை அஞ்சு நிமிஷத்துல வெட்டு"ன்னு இருக்கா? எந்த அறிவுகெட்டவன் இதை வெச்சான்! உங்க ஆளுங்கதானே?

இதை மாத்தின தேதியும் இருக்கா? போன வாரம் சனிக்கிழமை...

அன்னிக்கு... மச்சான் வந்திருந்தான். அவன் போன்ல என்னென்னமோ ஓடிட்டே இருந்துது. பெட்டி திணறுதுன்னு நான்தான் உள்ள போய்... ஒரு மணி நேரம்னு இருந்ததை அஞ்சு நிமிஷமா... ம். நானேதான்.

மெதுவா பேசுங்க தம்பி. அவளுக்குத் தெரியவேண்டாம். பெட்டி பழுதாயிருந்துதுன்னு சொல்லிடலாம், என்ன? எனக்குப் பின்னால என்ன பார்க்கறீங்க?

ஓ... எப்ப வந்தே? முழுக்கக் கேட்டியா?

சரி. நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுது. லேப்டாப்பைக் குடு, மேஜைல வெக்கறேன். இங்கயே உக்காந்து பாடம் எடு.