பலகை எறங்குனா கதவு தொறக்காது

ஐயோ, இழுக்காதீங்க சார், கைப்பிடி கையோட வந்துடும். முன்னாடி இந்த ரூமுக்குப் புள்ளைக்குப் பால் குடுக்க வந்த ஒரு அம்மா அப்படித்தான் இழுத்தாங்க. கடைசில வெளிய வந்ததும் கைப்பிடிய பில் கவுன்ட்டர்ல வெச்சுட்டு, இதுக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போனாங்க.

இதுல கோவப்பட ஒன்னுமே இல்ல சார். கதவு உள்பக்கமா தொறக்குது. குழந்தைக்குத் துணி மாத்தற இந்தப் பலகைய செவுத்துலேருந்து எறக்குனா, அது நேரா வந்து கதவுக்குக் குறுக்க நிக்குது. பலகை திரும்ப மேல போனாத்தான் கதவு தொறக்கும். பலகை ஏறணும்னா கீல் அசையணும். கீல் சிக்கிக்கிச்சு. அவ்வளவுதான் விஷயம்.

நான் எதுக்கு எறக்கினேனா? நல்லா இருக்கே கதை! நீங்கதானே சார் சொன்னீங்க, சாயந்தரம் இந்த ரூமுக்குப் பரிசு குடுக்கறவங்க பாக்க வராங்க, பலகை ஒழுங்கா எறங்குதான்னு காட்டுன்னு. காட்டினேன். எறங்குச்சா இல்லையா? எறங்குனதுல யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா? ஏறுதான்னு நீங்க கேக்கவே இல்லையே.

போனா? எடுங்க, எடுங்க. சிக்னல் ஒரு கோடு கூட வராது. அந்தப் பக்கம் லிஃப்ட்டு, இந்தப் பக்கம் கக்கூஸு, ஜன்னல்னு ஒன்னு வெக்கவே இல்ல. ஒரு வகைல நல்லதுதான், புள்ள பால் குடிக்கறப்ப யாரும் போன் பண்ணி உசுர வாங்க மாட்டாங்க. எல்லாம் யோசிச்சுத்தான் கட்டியிருக்கீங்க.

கத்தியும் பிரயோஜனம் இல்ல சார், வெளில பாட்டு ஓடுது. அதான் கதவிடுக்குல வாய வெச்சு நம்ம வாசல் செக்யூரிட்டி மீசைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்ல. தச்சர கூட்டிட்டு வருவாரு. வரும்போது வரட்டும். நீங்க இப்படிக் கொஞ்சம்... அங்க போகாதீங்க, அங்க போகாதீங்க! பாத்தீங்களா, ஓன்னு ஊளை போட ஆரம்பிச்சுடுச்சு.

கை காய வெக்கற மெஷினு சார். கைய நீட்டணும்னு கூட இல்ல, பக்கத்துல ஆள் நடந்தாலே போதும். இந்தக் கடைலயே கூப்பிடறதுக்கு முன்னாடி வந்து நிக்கற ஒரே ஆள் அதுதான். பாவம் பெத்தவங்க, புள்ளைக்குப் பால் குடுத்து, முதுகத் தட்டி, தூங்க வெச்சு, பூ மாதிரி தூக்கித் தோள்ல சாச்சுக்கிட்டு அடி மேல அடி வெச்சு கதவுக்கிட்ட வருவாங்க. ஓ...ன்னு இது ஒரு சத்தம் போடும். புள்ள வீல்னு கத்தும். திரும்பவும் முதல்லேருந்து. ஒரு சின்னப் பொண்ணு அழுதுக்கிட்டே இந்த மெஷின செருப்பால அடிச்சுது சார். நான் தடுக்கல. எனக்கும் ரொம்ப நாளா அந்த ஆசை உண்டு.

உக்காருங்களேன். அந்த ஸ்டூல்தான். ஆமா, உயரம்தான். சாய முதுகு இல்ல, கால் தரைல படாது. அழகா இருக்கட்டும்னு வாங்குனதுன்னு சொன்னாங்க. நீங்கதான் வாங்குனீங்களா? அப்படியா! நல்ல ரசனை சார். புள்ளைய ஒரு கைல வெச்சுக்கிட்டு, பைய இன்னொரு கைல வெச்சுக்கிட்டு, அதுல ஏறி உக்காந்து விழாம பால் குடுத்துட்டா அந்தப் பொம்பளைய நேரா சர்க்கஸ்ல சேத்துக்குவாங்க. முக்காவாசிப் பேர் தரைல துண்டப் போட்டு உக்காந்துடறாங்க. அதுக்குத்தான் இந்தத் தரைய மட்டும் நான் ரெண்டு தரம் தொடைக்கறது. நீங்களும் தரைல உக்காரலாம், ஈரம் காஞ்சிடுச்சு.

அட, பயப்படாதீங்க, கரண்ட் போகல! கைய ஆட்டுங்க சார். இன்னும் மேல. பஸ்ஸ நிறுத்தற மாதிரி ஆட்டுங்க. ஆங், வந்துடுச்சு. ஆள் அசையலன்னா ஆளே இல்லன்னு நெனச்சுக்கற லைட்டு இது. கரண்ட மிச்சம் பண்ணுதாமே. பால் குடுக்கறவ எங்க சார் அசைவா? அசைஞ்சா புள்ள வாய எடுத்துடுது. அசையலன்னா இருட்டு. அதனால எல்லாரும் ஒரு கைல புள்ளையும் இன்னொரு கைல டாட்டாவுமா உக்காந்திருப்பாங்க. யாருக்கு டாட்டா? அதோ அவங்களுக்குத்தான்.

பொம்மைங்க சார், துணி மாட்டற பொம்மைங்க. எடுத்துடுன்னுதான் சொன்னீங்க, எங்க வைக்கன்னு கேட்டேன், அது உன் வேலைன்னுட்டீங்க. அதான் துணியப் போட்டு மூடிட்டேன், துணி பத்தாம ஒன்னு மட்டும் பாக்கி. கோட்டு போட்ட அந்த ஆம்பளப் பொம்மை நேரா ஸ்டூலப் பாத்துதான் நிக்குது. தலை கெடையாது, அதனால பாக்குதுன்னும் சொல்லிட முடியாது. அந்த மட்டும் நாகரீகமான மனுஷன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க சார். நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

கதவுல பாட்டில் படம் ஒட்டியிருக்கீங்களே, அதப் பாத்துட்டு குடிக்கற தண்ணி இங்கயான்னு ஆம்பளைங்க கதவத் தள்ளிடறாங்க. உள்ள ஒரு பொம்பள முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, ஒரு கைல லைட்டுக்கு டாட்டா காட்டிக்கிட்டு இருப்பா. ஒரு நாள் வந்தவரு தனக்குத்தான் காட்டுறான்னு அவரும் கைய ஆட்டிட்டுப் போனாரு. சத்தியமா சார்! உள்தாழ்ப்பாள் கேட்டு மூணு தரம் சொல்லியாச்சு. யாராவது உள்ள மயங்கி விழுந்துட்டா என்ன பண்றது, பாதுகாப்பு இல்லன்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம். ரொம்பப் பாதுகாப்பாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க, நம்ம ரெண்டு பேரையும் விடவே மாட்டேங்குது.

யாரும் உங்ககிட்ட சொல்லலையா? தெரியாதா? சரி, தெரியாதுன்னே வெச்சுக்குவோம். ஆனா ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடை தொறந்த புதுசுல உங்க வீட்டு அம்மா வந்தாங்கல்ல? கைக்குழந்தையோட. நீங்க விருந்தாளிங்களுக்கு ஒவ்வொரு மாடியா காட்டிக்கிட்டு இருந்தீங்க. புள்ள அழ ஆரம்பிச்சுது. அம்மா இந்த ரூமுக்கு வந்தாங்க, கதவத் தொறந்து எட்டிப் பாத்தாங்க, மூடிட்டுப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?

கார்ல சார். பின்னாடி வண்டி நிறுத்தற எடத்துல, உங்க கார்ல உக்காந்துதான் குடுத்தாங்க. கண்ணாடிய ஏத்துனா வேகுது, எறக்குனா போறவன் வரவன் பாக்கறான். நான்தான் குடைய விரிச்சு ஜன்னலுக்கு மறைப்பா நின்னேன். தங்கமான அம்மா. என் கையப் புடிச்சுக்கிட்டு, அவர்கிட்ட சொல்லிடாதீங்க, இந்த ரூமுக்கு அவ்வளவு ஓடியாடியிருக்காரு, வருத்தப்படுவாருன்னாங்க. அதான் இத்தன நாள் சொல்லல. இன்னிக்கு வாய் நழுவிடுச்சு. கதவு தொறக்கலன்னா மனுஷனுக்கு வாய் தொறந்துக்குது, என்ன பண்றது.

லைட்டு போயிடுச்சு சார். பரவால்ல, ஆட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கட்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி.

என்னது, அந்தப் பொண்ணா? காலைல நீங்க சத்தம் போட்டீங்களே, பில் போடற பொண்ணு, அதத்தானே கேக்கறீங்க? எனக்கென்ன தெரியும் சார், நான் கூட்டறவ, கவுன்ட்டருக்கு அடில பொறுக்கிக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துது. தெனம் மத்தியானம் வரிசைய நிக்க வெச்சுட்டு எங்க தொலையற, புள்ளைக்குப் பால் குடுக்கப் பத்து நிமிஷம் போதாதா, இன்னியோட வேலைய விட்டு நின்னுக்க, சாயந்தரம் என் ரூமுக்கு வந்துட்டுப் போன்னீங்க. எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அது அழல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அழுதிருந்தா தேவல.

வரிசை நின்னது நெசம்தான், நான் இல்லன்னு சொல்லல. ரெண்டு பேரு கூடைய அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. உங்களுக்கும் மேல இருக்கறவங்க கேப்பாங்க. அதெல்லாம் புரியாம இல்ல. ஆனா அது எங்க போச்சுன்னு கேட்டீங்களே, பதில் சொல்ல விட்டீங்களா?

இந்த ரூமுக்கா? இங்க எப்படி வரும் சார்! வெளில என்ன ஒட்டியிருக்கீங்க? வாடிக்கையாளர்களுக்கு மட்டும். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எனக்கே புரிஞ்சுது. சட்டம் போட்டா ஒழுங்கா நடக்கற பொண்ணு. அதனால மாடிப்படிக்கு அடில, ஜெனரேட்டருக்குப் பக்கத்துல உக்காருது. காலி அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கோம்ல, அதுக்கு நடுவுல. ஜெனரேட்டர் திடீர்னு ஓடுனா புள்ள தூக்கிவாரிப் போட்டு வாய எடுத்துடும். திரும்ப சமாதானம் பண்ணி, திரும்ப வெச்சு. குடிக்கறதே கொஞ்ச நேரம்தான், மத்ததெல்லாம் சமாதானம் பண்ற நேரம். அதுக்கப்புறம் நாலு மாடி ஏறி ஓடி வரணும். லிஃப்ட்டு யாருக்கு? ஆங், அதுவும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

ஒரு நாள் போகாம இருந்து பாத்துது சார். நீங்க மொறைச்சீங்கன்னு. சாயந்தரம் நெஞ்செல்லாம் கல்லு மாதிரி கட்டிக்கிட்டு, சட்டை நனைஞ்சு, மேல கோட்டப் போட்டு மறைச்சுக்கிட்டு பில்லு போட்டுது. ராத்திரி குளிர் ஜுரம். வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தேன், விடியற வரைக்கும் அனத்திக்கிட்டு இருந்துது. மறுநாள் கவுன்ட்டருக்கு வந்து நின்னு, உங்களுக்கு வணக்கம் சார்னு சொல்லுச்சு. நீங்க தலைய ஆட்டுனீங்க.

நான் எப்படி அங்க இருந்தேனா?

எங்க வீட்ல ராத்திரி நான் இல்லாம வேற யார் இருப்பா? என் மருமக சார் அது. உங்ககிட்ட சொன்னதில்லையா? கேட்டதில்லையே நீங்க. நான் காண்ட்ராக்ட்டு, அது கம்பெனி. நான் காக்கி, அது நீலம். ஒரே வீட்டுச் சோறுன்னு சட்டைலயா எழுதியிருக்கு? மகன் வெளியூர்ல லாரி ஓட்டறான். வீட்டுக்காரர்தான் பகல்ல பேரனப் பாத்துக்கறாரு, மத்தியானம் பின்வாசல் வழியா தூக்கிட்டு வருவாரு.

இருங்க, இருங்க. கேட்டுதா? ரெண்டு தட்டு. மீசைக்காரர்தான்.

தச்சரா? தச்சர் எதுக்கு சார்? கூப்பிடவே இல்லையே. நான் மீசைகிட்ட சொன்னது, புள்ள தூங்குனதும் வந்து ரெண்டு தட்டு தட்டுங்கன்னு.

மெதுவா, மெதுவா, மெஷின் கத்தப் போகுது. சொல்றேன். இந்தக் கடைல உள்தாழ்ப்பாள் போட்ட ரூமு ஒன்னே ஒன்னுதான். கால் தரைல படற நாற்காலி, கை வெச்சுக்க இடம், சாஞ்சுக்க முதுகு. ஜன்னல் இருக்கு, தெரச்சீல இருக்கு. லைட்டு தானா அணையாது. அசையாம உக்காந்திருந்தாலும் நீங்க இருக்கீங்கன்னு நம்பற லைட்டு. ஆமா சார், உங்க ரூமுதான். சாயந்தரம் வான்னு நீங்கதானே கூப்பிட்டீங்க, கொஞ்சம் முன்னாடியே போயிடுச்சு. கவுன்ட்டர்ல அதுக்குப் பதிலா இன்னொரு பொண்ணு நிக்குது, வரிசையெல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், பயப்படாதீங்க.

துணி மாத்துனதும் உங்க மேசை மேலதான். காகிதத்த எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு, என் சுத்தமான துண்ட விரிச்சு மாத்தச் சொன்னேன். ஒரு சொட்டு சிந்தியிருந்தாலும் நானே தொடைச்சுடறேன், அது என் வேலைதானே.

கொஞ்சம் இப்படி நகருங்க தம்பி. மன்னிச்சுக்குங்க, சார். இந்தக் கீலுக்குக் கீழ, இதோ இங்க, குதிகாலால ஒரு உதை. பாத்தீங்களா, ஏறிடுச்சு. தெனம் நாலு தரம் ஒதைக்கறேன், எனக்குத் தெரியாதா.

பத்து நிமிஷம் போதாதான்னு கேட்டீங்கல்ல? நானும் சரியா சொல்ல மாட்டேன், கடிகாரம் பாத்துக் குடுக்கற பழக்கம் எங்ககிட்ட இல்ல. இவ்வளவு நேரம்தான் சார் ஆகும். நீங்க இதுக்குள்ள இருந்தீங்களே, இவ்வளவு நேரம்.

போங்க. ஆனா ரூமுக்குள்ள நுழையறப்ப மட்டும் கதவ ரெண்டு தட்டு தட்டிட்டுப் போங்க, மெதுவா. இப்பத்தான் தூங்கியிருக்கான்.