ஆட்சேபணைக்கு முப்பது நாள்

— மனுஷன் சொந்தமா கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்மா. நேர்கோடு. மத்ததெல்லாம் அவன் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

— நெருப்பு, மாமா?

— மின்னல்ல இருந்துச்சு.

— சக்கரம்?

— நிலா. ஆனா நேர்கோடு எங்கயாவது கிடந்துச்சா சொல்லு? மலை நேரா இருக்கா? ஆறு நேரா ஓடுதா? முப்பத்தி நாலு வருஷம் நிலம் அளந்தவன் சொல்றேன். ம், அந்தக் கயித்தோட இன்னொரு முனையைப் பிடி. செடி வேலியை நேரா வெட்டணும்.

— பிடிக்க மாட்டேன்.

— ஏன், கை வலிக்குதா?

— இன்னைக்கு வெட்ட வேண்டாம் மாமா. கொஞ்ச நாளைக்கே வேண்டாம்.

— நல்லாருக்கே! ஒரு மாசம் மக வீட்டுக்குப் போயிட்டு வந்ததுக்கே இந்தக் கோலம். இன்னும் விட்டா பக்கத்து வீட்டு டாக்டர் வேலி மாதிரி ஆயிடும், தூங்கி எந்திரிச்ச தலை மாதிரி. நேத்து அவர்கிட்டயே சொன்னேன், கண்ணு டாக்டர் வீட்டு வேலியைப் பார்த்தா கண்ணு வலிக்குதுன்னு.

— அவர் என்ன சொன்னார்?

— சொட்டு மருந்து தரேன்னார். தள்ளு, கத்தரியை எடுக்கணும்.

— மாமா, இந்த வேலி நான் வளர்த்த மிர்ட்டில் செடி. படிச்ச ஹாஸ்டல் வாசல்லருந்து பதினோரு குச்சி ஒடிச்சுட்டு வந்து, மேல கண்ணாடி பாட்டிலைக் கவுத்து வச்சு, வேர் விட்டப்புறம் நட்டேன். ஒன்பது பிழைச்சுது.

— செடியை யாரு குறை சொன்னா? இலையைக் கசக்கினா என்ன வாசனை! நீ என் சட்டை மடிப்புல சொருகி வச்சதுக்கு, போன தடவை பேங்க் மேனேஜர் என்ன சென்ட் போடுறீங்கன்னு கேட்டார். சூப்புல போட்டே, குடிச்சேன். ஒரே குறை, பூக்காது.

— யார் சொன்னா?

— ரிட்டயராகி இங்க வந்து ரெண்டு வருஷமா பார்க்கிறேனே, ஒரு பூ உண்டா? இலைக்குன்னே பிறந்த ஜென்மம்.

— நீங்க வந்ததுலருந்து ஞாயித்துக்கிழமை தவறாம வெட்டுறீங்க, மாமா.

— ஆமா. ஒழுங்கா.

— புதுக் கிளை நுனியிலதான் மொட்டு வைக்கும். இங்க பாருங்க, நீங்க ஊர்ல இல்லாத மாசத்துல வந்தது. கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க.

— கடுகு மாதிரி இருக்கே. இதுவா மொட்டு?

— இதுதான்.

— இதை நான் பூச்சி முட்டைன்னு நினைச்சேன்மா. பார்த்துப் பார்த்து வெட்டினேனே.

— விடுங்க மாமா.

— ரெண்டு வருஷம்! நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— வந்த புதுசுல நீங்க யார்கூடவும் பேசாம சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தீங்க. இந்தக் கத்தரியைக் கையில எடுத்த அன்னைக்குத்தான் இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு கேட்டீங்க. செடி திரும்பத் துளிர்க்கும், போகட்டும்னு இருந்துட்டேன்.

— ம்.

— இந்த வருஷம் ஒரு தடவை பூத்துப் பார்த்துடணும்னு ஆசை. அவ்ளோதான். கோபமா?

— கோபம் என்ன கோபம். முறைன்னு ஒண்ணு இருக்கு. எந்த எல்லையில கை வச்சாலும் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணைக்கு முப்பது நாள் விடணும். இந்த வேலிக்கு இதுவரைக்கும் நான் அறிவிப்பே ஒட்டல. பெரிய குளறுபடி. என் சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்ல.

— அப்ப இன்னைக்கு?

— எப்படி வெட்டுறது? சட்டம் இடம் கொடுக்காது. கத்தரியை உள்ள வை. ஒரு பேப்பரும் பசையும் கொண்டா. இது உனக்காக இல்ல.

— தெரியும் மாமா.

— நேர்கோடு விஷயத்துல என் கருத்துல மாற்றமும் இல்ல.

— அதுவும் தெரியும்.

*

— என்ன சர்வேயர் சார், காலங்காத்தால வேலி முன்னாடி நாற்காலியைப் போட்டுட்டீங்க?

— வாங்க டாக்டர். காத்து வாங்குறேன்.

— நீங்க ஒட்டின அறிவிப்பைத் தினம் படிச்சுட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கெடு முடிஞ்சு பத்து நாளாச்சே, இன்னும் வெட்டல?

— ஆட்சேபணை வந்திருக்கு.

— யார்கிட்டருந்து?

— தேனீங்க. ஏகப்பட்டது. ஒவ்வொண்ணா விசாரிச்சு முடிக்கணும்.

— அது சரி. ஆனா உங்க வேலி இந்தப் பக்கம் நல்லா புடைச்சுட்டு நிக்குது சார். என் வேலியே தேவலை.

— புடைப்பா? எங்க? டாக்டர், நீங்க கண்ணை யார்கிட்டயாவது காட்டுங்க.

— நான்தானே சார் கண்ணு டாக்டர்!

— அதான் சொல்றேன், வேற ஆள்கிட்ட.

— அட, உள்ள வெள்ளை வெள்ளையா என்னமோ தெரியுதே. இருங்க, கிட்ட வந்து பார்க்கிறேன்.

— மெதுவா டாக்டர். அப்படி ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது. அந்த மூலையில இருக்கிறது இன்னும் விரியல.