நாகமணியின் கோணல் வரிசை

கேளுங்கோ. ஏரி உறைந்தால் அதுக்கு மேலாலே லொறி ஓடின காலமாம். கனடாவில், ஒண்டாரியோவில் ஒரு ஏரிக்கரை ஊர். அங்கே விஸ்கி வடிக்கிற ஆலையொன்று. அந்த ஆலைக்கு ரை விளைவித்த அங்கஸ் கிழவனிடம் கூலிக்கு நின்றவர், யுத்தத்துக்குத் தப்பி முள்ளியவளையிலிருந்து வந்த நாகமணி.

ரை என்பது கோதுமையின் மெலிந்த தம்பி. புரட்டாதியில் விதைத்து விட்டால், பனிக்குக் கீழே கிடந்து, வெயில் வரத் தலைதூக்கும். நாகமணி என்ன செய்தாராம்? ஒரு மூலையில் நாற்றுமேடை போட்டு, முளைத்ததைப் பிடுங்கி, குனிந்து குனிந்து நட்டாராம்.

"மணி, இது பயிரடா! குழந்தையோ, கையைப் பிடிச்சு நடத்த?" என்று கிழவன் சிரித்தானாம்.

இவர் சிரிக்கவில்லை. ஊரிலே நெல் நடவு நாளில் ஆமிக்காரர் துவக்கோடு வர, பெண்சாதி பாக்கியத்தை வயலிலேயே விட்டு ஓடியவர். அவ சேற்றில் குனிந்து நடுவா; இவர் வரம்பில் நின்று, "கெதியாய் நடு, நேராய் நடு" என்று ஏசுவார். அவ்வளவுதான் இவர் அறிந்த நடவு.

"நாரி இப்பிடி நோகுமெண்டு நீர் ஒருநாளும் சொல்லேல்லையே, பாக்கியம்," என்றாராம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பனிக்காற்றைப் பார்த்து.

மூலைப் பயிர் பனிக்குத் தப்பி விளைந்தது. கிழவனே ஆலைக்காரரிடம் சொல்லி, அந்த மூலைத் தானியத்தைத் தனியே வடித்து, உள்ளே கரியாய்க் கருக்கின ஓக் பீப்பாயில் அடைப்பித்தானாம்.

"மனுசி வரட்டும், திறப்பம்," என்றார் நாகமணி.

யுத்தம் வழிவிடவில்லை. பீப்பாய் கிடந்தது. வருசா வருசம் நட்டார். கடைசியாய் நட்ட குளிருக்குள்ளேயே கண்ணை மூடினாராம்.

பனி கரைய, பாக்கியம் வந்தாவாம். அழவில்லை. கிழவன் பீப்பாயைத் திறந்து ஊற்றி நீட்ட, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தா. முதலில் மிளகு. பிறகு கராம்பு. அடியிலே கருகின சர்க்கரை.

"உறைச்சுப்போட்டுத்தான் இனிக்குது. இந்தாளும் இப்பிடித்தான்."

பிறகு கிழவன் அவர் நட்ட மூலையைக் காட்டினானாம். பச்சை வரிசை பாம்பாய் நெளிந்து கிடந்தது.

"ஐயோ, பாவி மனுசா, என்ன கோணல்! வரம்பிலை நிண்டு என்னை என்ன ஏச்சு ஏசினீங்கள்!" என்று சிரித்தாவாம். சிரித்தபடியே நிலத்தில் குந்தி இருந்திட்டாவாம்.

அடுத்த புரட்டாதியில் அவவே நாற்றுப் போட்டு நட்டா. கயிறு பிடித்ததுபோல் நடத் தெரிந்த கை, வேணுமெண்டே கோணலாய் நட்டதாம்.

இப்பவும் அங்கே வயல் முழுக்க மெசின்தான் விதைக்கும். அந்த மூலைக்கு மட்டும் கை. ஆரும் நேராய் நட்டால், "பிடுங்கிப்போட்டுத் திரும்ப நடு," என்பினமாம்.