கிழங்கோட நிஜப் பேரு

இல்ல எஞ்சினியரே, வரிசைய மாத்தாதீங்க. நீங்க சொல்றது நாலாவது. இந்தச் சோட்டா மலையில எந்தப் பிள்ளையக் கேட்டாலும் வரிசை தப்பாமச் சொல்லும். முதல்ல பண்ணைக்காரன். நல்ல உருளைக்கிழங்கெல்லாம் அவனுக்கு, சொத்தை நமக்கு. ரெண்டாவது, அவன விரட்டிட்டு வந்த அரசாங்கம். நிலம் உங்களுக்குத்தான்னு மேளம் அடிச்சுச் சொல்லிட்டு, என்ன நடணும்னு தலைநகரம் லீமாவுல உக்காந்து உத்தரவு போட்டுச்சு. மூணாவது, உங்க ஆராய்ச்சி மையத்தோட வெள்ளைக் கிழங்கு. ரெண்டு வருஷம் மூட்டை மூட்டையா விளைஞ்சுது, நான் மறைக்கல. அப்புறம் உரம் போடலேன்னா ஒரு கிழங்கு விடமாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதுக்குள்ள பழைய விதையப் பாதி ஊரு வேகவெச்சுத் தின்னு தீத்தாச்சு. நாலாவது, அதே மையம் திரும்பி வந்து, ஐயையோ உங்க பழைய விதை அழியுதே, கொடுங்க, பத்திரமா வெச்சுக்கறோம்னு ஜீப்புல அள்ளிட்டுப் போனது.

அஞ்சாவது நீங்க, ஊரைக் கேக்காம எங்க விதைய வாங்கிட்டுப் போனவரு.

உக்காருங்க, உக்காருங்க. கதவுகிட்ட மட்டும் போகாதீங்க. வெளிய நிக்கிற பசங்களுக்குக் காலையிலேர்ந்து கை துறுதுறுங்குது. சாட்டையா? ஆமா, எருதுத் தோலு. அதைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. கோக்கா இலை மெல்றீங்களா? வேண்டாமா, சரி.

போலீஸ் வராதுங்க. மாட்டுத் திருடனப் பிடிக்கப் போலீஸ் வரலேன்னுதான் நாங்க ரோந்து போக ஆரம்பிச்சோம். இப்ப விசாரணை, தீர்ப்பு எல்லாம் ரோந்துச் சபைதான். நான் அதுக்குத் தலைவி, எவுதோசியா கோத்ரினா. பள்ளிக்கூட வாசல் மிதிச்சதில்ல. துண்டுப் பிரசுரத்த எழுத்துக்கூட்டிப் படிச்சே வளந்தவ. ரெண்டு தடவை ஜெயிலு. அங்கயும் படிச்சேன்.

உலகத்துப் பசியா? நல்லாத் தீத்து வைங்க, யாரு வேண்டாம்னா? எங்கயோ ஒரு பஞ்சத்துல எங்க கிழங்கு போய் நாலு உசுரக் காப்பாத்தினா எங்களுக்கும் பெருமைதான். கேட்டுட்டு எடுங்கன்னுதானே சொல்றோம். பத்து நாட்டுக் கொடி பறக்குது உங்க வாசல்ல. கண்ணாடிக் கூரை இருக்கு, குளிர் அறை இருக்கு. கேக்கறதுக்கு ஒரு வாய் மட்டும் இல்லாமப் போச்சு.

அதனாலதான் சபையில அந்த விதி வந்துச்சு. ஊரைக் கேக்காம விதை கொடுத்தவங்க ஊருல இருக்கக் கூடாது. அவங்களுக்குத் தண்ணி கிடையாது. அடுப்புக்கு நெருப்பு கிடையாது. செத்தா தூக்க ஆள் கிடையாது. கொண்டு வந்தவ நானேதான். அன்னிக்குத் தூக்காத கை ஒண்ணுகூட இல்ல.

அந்தச் சத்தமா? செவேரோ, செவேரோன்னு கத்துறாங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன், மூணு பிள்ளைங்க. போன அறுப்புல என் வயல்ல கிழங்கு தோண்டினான். ஒரு தடவை உங்க ஜீப்புல தொத்திக்கிட்டு டவுனுக்குப் போனான். அது போதும் இவங்களுக்கு. நீங்க வாயத் திறக்கலேன்னா பொழுது சாயறதுக்குள்ள அவன் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மலைய விட்டு இறங்கணும்.

அவன் இல்லேன்னு தலையாட்டுறீங்க. அப்ப யாரு?

பாத்தீங்களா, உலகத்துப் பசியப் பத்தி அருவி மாதிரிப் பேசினீங்க. இதுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்குது.

சரி, நானே பேசறேன். எங்க ஊருல வெளியாளுக்குக் கிழங்கோட நிஜப் பேரச் சொல்ற வழக்கமில்ல. கேட்டா ஒரு பட்டப் பேரு. முதல் ஜீப்புல நெட்டையா ஒரு வெள்ளைக்காரர் வந்தாரு. ஒவ்வொண்ணாத் தூக்கிப் பிடிச்சு, இது பேரென்ன, இது பேரென்னங்கறாரு. எங்க பொம்பளைங்க வாய் சும்மா இருக்குமா? மாமியார் குறட்டைன்னா ஒருத்தி. நீதிபதி தொப்பைன்னா இன்னொருத்தி. பாதிரியார் முழங்கால்னேன் நான். அத்தனையும் பவ்யமாத் தகரச் சீட்டுல பொறிச்சு, கிழங்குல கட்டிக்கிட்டுப் போனாரு மனுஷன். இன்னிக்கும் பெரிய பெரிய படிப்பாளிங்க மேடை ஏறி, கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு, பாதிரியார் முழங்காலோட குணாதிசயம் என்னன்னா, அப்படின்னு ஆரம்பிப்பாங்களாமே? நிஜமா? ஹா! சிரிங்க, பரவால்ல. சிரிச்சா நீங்களும் மனுஷன் மாதிரித்தான் இருக்கீங்க.

ஆனா ஒரு கிழங்க மட்டும் வெளியாள் யாருக்கும் காட்டல. கருப்பா, முண்டு முண்டா இருக்கும். எங்க வீட்டுப் பொம்பளைங்க கைவசம் மட்டும்தான். பொண்ணு முதல்முதல்ல தன் கையால அதை நடும்போது தாய் குனிஞ்சு அதோட பேர அவ காதுல சொல்லுவா. கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாது.

போன வாரம் ரேடியோவுல உங்க மையத்து நிகழ்ச்சி. கருகல் நோய் தொடாத கிழங்கு ஒண்ணு மலையில கிடைச்சிருக்கு, கருப்பு, முண்டு முண்டா இருக்கும்னாங்க. அடிப்பாவி, அது நம்ம எவுதோசியா வீட்டுக் கிழங்காச்சேன்னு ஊரே குதிச்சுது. அப்புறம் பேரச் சொன்னாங்க. ஊருக்கு அது ஏதோ நீங்களா வெச்ச பேரு. நான் கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தேன். கத்தி அப்படியே நின்னு போச்சு.

எஞ்சினியரே, வயல்ல பூந்து கிழங்கத் திருடலாம். பேரத் திருட முடியாது. யாராச்சும் வாயத் திறந்து கொடுத்தாத்தான் உண்டு.

அந்தப் பேரு தெரிஞ்சவங்க உலகத்துல ரெண்டே பேரு. ஒருத்தி நான். இன்னொருத்தி என் பொண்ணு.

பதறாதீங்க. நீங்க காட்டிக் கொடுக்கல, அது எனக்குத் தெரியும். அதோ சுவரோரமா நிக்கிறாளே, அவதான். காலையிலேர்ந்து உக்காரவே இல்ல. ஏன் கொடுத்தாள்னும் தெரியும். கருகல் வருஷா வருஷம் மேல ஏறி வருது. மத்ததெல்லாம் கருகினாலும் எங்க கருப்புக் கிழங்க அது ஒண்ணும் பண்ணாது. ஆனா எனக்கு அப்புறம், அவளுக்கு அப்புறம் யாரு நடுவா? அவளுக்கு மகள் இல்ல. அந்தக் கவலை. சரியாக்கூட இருக்கலாம். கேட்டிருந்தா சபையே கொடுத்திருக்குமோ என்னமோ. கேக்கலியே.

பட்டப் பேரு ஒண்ண உளறியிருந்தா இன்னிக்குத் தப்பிச்சிருப்பா, கழுதை. பொய்ப் பேரோட வெளிய போன விதை வீட்டுக்குத் திரும்பாதுன்னு சொல்லுவோம். அது திரும்பி வரணும்னு நெனச்சிருக்கா. அதான் நிஜப் பேரச் சொல்லி அனுப்பியிருக்கா.

கொம்பு ஊதிட்டாங்க. எந்திரிங்க. இல்ல, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பேசினா ஆள மாத்திச் சொல்லுவீங்க, உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு. என் பக்கத்துல நில்லுங்க, போதும். உங்களுக்குத் தண்டனை என்னன்னு அப்புறம் பாப்போம்.

சபையோரே! செவேரோவ விடுங்க. கையை எடுடா அவன்மேலேர்ந்து! அவன் இல்ல. எஞ்சினியர் எதுவும் சொல்லல, நான் சொல்றேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். வழக்கப்படி பேர முழுசா வாசிக்கிறேன், அப்பன் வழி, தாய் வழி ரெண்டும். பின்னாடி நிக்கிறவங்களும் சாட்சிதான், காது கொடுத்துக் கேளுங்க.

விதை கொடுத்தவ பேரு எல்விதா. அப்பன் வழி சுக்கிலின். தாய் வழி கோத்ரினா.