பலகைக்கு இந்தப் பக்கம்

காபி நன்றாக இருக்கிறது ஐயா. எனக்கென்று ஒருவர் போட்டுக் கொடுத்து வெகு நாளாயிற்று.

வீப்ரன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். பிறகு மாடு வளர்த்தான். அவன் புல்வெளியை ஒட்டிய வாய்க்காலில் நண்டுக்கொடுக்குச் செடி மிதக்கும். பச்சைத் தட்டான் முட்டையிட அந்தச் செடி ஒன்றுதான் ஆகும். முட்டை இலைக்குள்ளேயே பனிக்காலத்தைக் கழிக்கும். பொரிந்த குஞ்சு அந்த முள்ளிலைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வருடம் ஒளிந்து வளரும். ஓய்வு பெற்றபின், கோடைதோறும் தட்டான்களை எண்ணி எழுதுவது என் வேலை. வாய்க்காலின் நடுவே ஒரு பலகைப் பாலம். அதைத் தாண்டி நடக்க என் இடுப்பு விடாது. இந்தப் பக்கம் மட்டும் எண்ணுவேன்.

இலையுதிர்காலத்தில் நீர்வாரியத்து ஆட்கள் வாய்க்கால் பார்க்க வருவார்கள். அதற்குள் அவரவர் வாய்க்காலில் மண்டிய செடியை அவரவர் அள்ளியாக வேண்டும். ஒரு வருடம் வீப்ரன் என் பக்கத்தைத் தொடமாட்டான். நான் கெஞ்சியது பலித்தது என்று நினைப்பேன். மறுவருடம் மொத்தத்தையும் வாரிக் கரையில் போடுவான். குவியலில் நெளியும் குஞ்சுகளைக் கரண்டியால் பொறுக்கித் தண்ணீரில் விடுவேன். வேறென்ன என்னால் முடியும்?

"என்ன டீச்சர், புள்ளைங்களுக்கு மறுபடியும் நீச்சல் வகுப்பா?"

"போன வருஷம் விட்டியேடா. இப்ப ஏன்டா?"

"எல்லாம் திரும்பி வந்துரும் டீச்சர். வீட்டுக்குப் போய் பட்டாணி சூப்பு குடிங்க."

நான்கு வருடத்துக்கு முன், ஓர் இலையுதிர்காலக் காலையில் அவன் பலகையில் நின்று, நீளக் கொக்கியால் என் பக்கத்துச் செடிகளை இழுத்துக்கொண்டிருந்தான். ஈரப் பலகை. வழுக்கி விழுந்தான். தொடைவரை ஏறும் ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. அடியில் கரிச்சேறு, கால் புதைந்தால் தனியாக ஏற முடியாது. செடிகளைக் கொத்தாகப் பிடித்தான். முள் கையைக் கிழித்தது.

"டீச்சர், எதையாவது நீட்டுங்க."

"செடிய இழுக்காதடா" என்றேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில்கூட நான் உயர்த்தியதில்லை.

மூழ்குகிறவனுக்கு எழுபத்தொன்பது வயதுக்காரி என்ன செய்வாள் என்று ஊரே எனக்கு ஆறுதல் சொன்னது. நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அவன் மகள் யித்ஸ்கே மாடுகளை விற்றுவிட்டாள். வாய்க்காலை யாரும் அள்ளவில்லை. முதல் கோடையில் நூற்றுப்பத்துத் தட்டான்கள். பூரித்துப் போனேன். பிறகு செடியைச் செடி நெருக்கியது, சேறு ஏறியது, நாணல் முளைத்தது. நான்காவது கோடையில் ஒன்றுகூட இல்லை. யித்ஸ்கேயிடம் போய்ப் புலம்பினேன்.

"அள்ளாம விட்டா தூர்ந்துதானே போகும் டீச்சர்? அப்பா ஒரு வருஷம் பலகைக்கு இந்தப் பக்கம், மறுவருஷம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி அள்ளுவாரு. ஒரேயடியா அள்ளினா உங்க பூச்சி அழிஞ்சிரும்னு வாரியத்துக்காரங்களோட சண்டை போட்டு அனுமதி வாங்கினாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன் ஐயா. செடிகளை விலக்கிப் பார்க்க நான் வைத்திருக்கும் கம்பு இரண்டு மீட்டர் நீளம். அன்று அது வீட்டில் இருந்ததாகச் சொன்னேன். என் கையில்தான் இருந்தது. நீட்டியிருந்தால் அவனுக்கு எட்டியிருக்கும். கரையேறியிருப்பான். ஏறி, மிச்சச் செடியையும் அள்ளியிருப்பான்.

அந்தக் குஞ்சுகளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், நீங்களே சொல்லுங்கள்.